கூடத்தில் தூசி விழாமல்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, எங்கள் வீட்டுச் சமையல் மேடைக்கு சீலர் பூசியது. சீலர் என்பது கல்லின் நுண்துளைகளை அடைக்கிற திரவம். அவ்வப்போது பூசி வந்தால் எண்ணெயும் டீயும் கல்லுக்குள் இறங்காது. பூசியது நான். அப்பா சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிகாரம் பண்ணினார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். குழாயின் மறுமுனையில் இருந்த மிஷின் கூடத்து மூலையில் உறுமிக்கொண்டிருந்தது.

வாடை ஆகாது, உள்ளே போய்ப் படுங்கள் என்றேன். ஜன்னலைத் திறந்து வை, போதும் என்றார்.

முதலில் சோதனை. கல்லைக் கழுவிக் காயவைத்து, அங்கங்கே தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும்.

"எவ்வளவு விடணும்பா?"

"கண்ணுக்கு மருந்து விடுற மாதிரி விடு. கல்லைக் குளிப்பாட்டச் சொல்லல."

அடுப்புப் பக்கம் விட்ட சொட்டு உருண்டையாக நின்றது. குழாய்ப் பக்கம் விட்டது மெல்லப் பரவி, அந்த இடம் கறுத்தது.

"குடிக்குது பாரு. அந்தப் பக்கம் தாகத்தோட இருக்கு."

அம்மா என் பின்னாலிருந்து சொன்னாள்: "ஊர்ல இருக்கிற கல்லுக்கெல்லாம் தாகம் தீத்துட்டு வந்தாரு. வீட்டுக் கல்லுதான் நாக்கு வறண்டு கிடக்கு."

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகியது. நாங்கள் அப்படியே நின்றோம். அவர் இருமும்போது அவரவர் இருந்த இடத்தில் அசையாமல் நிற்பது எங்கள் வீட்டில் பழக்கமாகிவிட்டிருந்தது. அம்மா கையில் பாத்திரத்துடன், நான் கையில் துணியுடன். அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.

சீலர் காய்வதற்குள் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். பூசியதும் அப்பாவுக்கு மறுபடி இருமல் வந்தது, அதற்கு நின்றதில் நான் தாமதித்துவிட்டேன். மூலையில் வெண்மையாக ஒரு படலம் பிடித்துக்கொண்டது. தேய்த்தேன். போகவில்லை.

"தேய்க்காத. அதே மருந்தை அது மேலயே மறுபடி தடவு. காஞ்சதை அதுவே கரைச்சுடும். உடனே துடை."

தடவித் துடைத்தேன். பெரும்பாலும் போய்விட்டது. வேறு நாளாக இருந்தால் எழுந்து வந்து, கன்னத்தைக் கல்லோடு ஒட்டவைத்து, வெளிச்சத்துக்கு எதிராக ஒற்றைக் கண்ணால் பார்த்து, மிச்சத்தையும் எடுக்கச் சொல்லியிருப்பார். அன்று நாற்காலியில் இருந்தபடியே கேட்டார்:

"சித்தப்பா போனை எடுத்தானா?"

"இல்லப்பா."

"சாயந்திரம் திரும்பப் போடு."

அவருக்கு அப்போது வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவருடைய தம்பி ஒருமுறை போய் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வேண்டும். பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தம்பி நழுவிக்கொண்டிருந்தார்.

அப்பாவின் தொழில் சமையலறைக்குக் கல் போடுவது. கல் கிடங்கில் சுமை தூக்குபவராகச் சேர்ந்தார். பிறகு வெட்டினார். பிறகு சித்தப்பாவைச் சேர்த்துக்கொண்டு, கல் தேர்வு செய்வதிலிருந்து வீட்டில் பொருத்தி முடிப்பது வரை தாமே எடுத்துச் செய்தார். பொருத்தியதோடு விடமாட்டார். வருஷம் திரும்பினால் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார். "கல்லைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்பார். சட்டைப் பையில் இருக்கும் சொட்டுக் குப்பியை எடுத்து மேடையில் ஏழெட்டு இடத்தில் தண்ணீர் விட்டுவிட்டு, அவர்கள் கொடுக்கிற டீயைக் குடித்துக்கொண்டு காத்திருப்பார். இதனால் கிடங்கில் அவருக்குச் 'சொட்டு' என்று பெயர். என்னைச் சொட்டு மகள் என்பார்கள். என் கல்யாணத்தில்கூட ஒருவர் மேடையேறி வந்து அப்படித்தான் என் கணவரிடம் என்னை அறிமுகப்படுத்தினார்.

கிடங்குக்கு வருகிறவர்களிடம் முதலில் அவர் கேட்பது, எந்த நிறம் வேண்டும் என்பதல்ல. வீட்டில் சமைப்பது யார், சமைத்தவுடன் துடைப்பவரா, மறுநாள் துடைப்பவரா என்று கேட்பார். புருஷன் ஒரு பதில் சொல்வார், மனைவி ஒரு பதில் சொல்வார். அங்கேயே சண்டை மூளும். அப்பா நடுவில் புகாமல் அடுத்த பலகையைத் தட்டிக்கொண்டிருப்பார். கல்லை விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல். கையகலத் துண்டைப் பார்த்துக் கல் வாங்காதீர்கள், முழுப் பலகையையும் வெளியே வெயிலில் நிறுத்தச் சொல்லிப் பாருங்கள் என்பார். அவர் பையில் இருந்த மற்றொன்று நகப்பூச்சு நீக்குகிற திரவம். கருங்கல் என்று விற்பதில் சிலது சாயம் ஏற்றிய சாம்பல் கல். வெள்ளைத் துணியில் அந்தத் திரவத்தை நனைத்துத் துடைத்தால் துணி கறுத்துவிடும். அம்மா வாழ்க்கையில் நகப்பூச்சு வாங்கியதில்லை. அதை நீக்குகிற குப்பி மட்டும் எங்கள் வீட்டில் எப்போதும் இருந்தது.

பளிங்கு கேட்டு வந்த ஒரு தம்பதியைப் பற்றி அடிக்கடி சொல்வார். அந்த அம்மாவுக்கு வெள்ளைப் பளிங்குதான் வேண்டும். அப்பா ஒரு துண்டுப் பளிங்கில் எலுமிச்சை பிழிந்து வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். வந்து பார்த்தால் சாறு பட்ட இடத்தில் பளபளப்பு இல்லை.

"துடைச்சா போயிடுமில்ல?" என்று புருஷன் கேட்டார்.

"துடைச்சாப் போறதுக்கு இது கறை இல்லீங்க. கல்லோட தோலு வெந்துபோச்சு."

அந்த அம்மா அப்படியும் பளிங்குதான் எடுத்தாள். மறு வருஷம் அப்பா பார்க்கப் போனபோது மேடை முழுக்க வட்டம் வட்டமாகத் தழும்பு.

"நீங்க சொன்னீங்க, நான் கேக்கல."

"காலையில இதுக்கு முன்னால வந்து நின்னா உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு."

"அப்புறம் என்ன. தேச்சு விடுறேன், அடுத்த வருஷத்துக்குத் தாங்கும்."

இந்தக் கதையைச் சித்தப்பா சொன்னால் இரண்டு மடங்கு நீளும். அந்த அம்மாவின் நாய், நாய் கடித்த செருப்பு எல்லாம் வரும். கிடங்கில் அவருக்கு 'மௌனச்சாமி' என்று பெயர். வாயை மூடி யாரும் பார்த்ததில்லை.

பிறகு குவார்ட்ஸ் வந்தது. இது பூமியிலிருந்து பலகையாக வெட்டி எடுப்பதில்லை. கல்லைப் பொடித்துப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்வது. சீலர் வேண்டாம். எலுமிச்சை சுடாது. எண்ணெய் இறங்காது. கொதிக்கிற பாத்திரத்தை நேராக வைக்காமல் கீழே ஒரு பலகை வைத்தால் போதும். எல்லாப் பலகையும் ஒரே மாதிரி இருக்கும், சுவருக்குச் சுவர் நிறம் மாறாது. அப்பாவுக்கு முதலில் நம்பிக்கையில்லை. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு துண்டை வைத்து எலுமிச்சை, டீ, மை, எண்ணெய் எல்லாம் ஊற்றி ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்தார். துடைத்தால் போய்விட்டது. அதற்குப் பின் வருகிறவர்களுக்கெல்லாம் அதையே சிபாரிசு செய்தார். மறுநாள் துடைக்கிற வீடுகளுக்கு ஏற்ற கல் வந்துவிட்டது என்பார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. பொருத்திய பிறகு அந்தக் கல் யாரையும் ஒன்றும் செய்யாது. வெட்டும்போதுதான். மணலில் இருக்கிற படிகச் சிலிக்கா கிரானைட்டில் கால்பங்கோ மூன்றில் ஒரு பங்கோ இருக்கும். அப்பா வெட்டிய குவார்ட்ஸில் ஏறக்குறைய எல்லாமே சிலிக்கா. அதை வெட்டும்போது பறக்கிற தூசியில் கண்ணுக்குத் தெரிகிறது கெடுதலில் சிறியது. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது நுரையீரலின் கடைசிக் கிளை வரை போய்த் தங்கிவிடும். உடம்பு அதைக் கரைக்க முடியாமல் சுற்றிலும் தழும்பு கட்டும். நான் குடிநீர் நிலையத்தில் அளவுக் கருவிகள் பார்க்கிறவள். வடிகட்டி எதை நிறுத்தும், எதை விட்டுவிடும் என்பது என் அன்றாட வேலை. நல்ல வடிகட்டி வைத்த முகமூடி இரண்டு வாங்கிக் கொடுத்தேன். அப்பா அதை நெற்றியில் ஏற்றி வைத்திருப்பார். சித்தப்பா தாடைக்கு இறக்கி வைத்திருப்பார்.

"இதைப் போட்டுக்கிட்டா பேச முடியல பாப்பா," என்றார் சித்தப்பா.

"வேலை செய்யத்தானே போறீங்க."

"அளவு சொல்லணும்ல."

"அளவு சொல்ல நாலு வார்த்தை போதும்."

"நாலு வார்த்தையில முடிக்கிற ஆளா நான்?"

கிடங்கில் வெட்டும்போது ரம்பப் பல்லின் மேல் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். தூசி சேறாகக் கீழே விழும். வீட்டில்தான் சிக்கல். எந்த வீட்டுச் சுவரும் நேராக இருப்பதில்லை. கல்லை வைத்துப் பார்த்துவிட்டு ஓரத்தை அங்கேயே இழைக்க வேண்டும். அடுப்புக்கும் குழாய்க்கும் துளை போட வேண்டும். கீழே புது மர அலமாரி. தண்ணீர் விட்டால் மரம் ஊதிவிடும். ஆகவே உலர்ந்தபடியே வெட்டுவார்கள். எல்லாக் கல்காரர்களும் அப்படித்தான். அவர்கள் வெட்டிவிட்டுப் போன வீடு மாவு மில் வெடித்ததுபோல் இருக்கும்.

அப்பா வேலை செய்த வீடு அப்படி இருக்காது. வெட்டுவதற்கு முன் சமையலறைக் கதவைச் சாத்துவார். கதவுக்கடியில் ஈரச் சாக்கு. இடுக்குகளில் ஒட்டுநாடா. ஜன்னலையும் மூடுவார், பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும். பிறகு இரண்டு பேரும் உள்ளே. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். புழுதி படியும் வரை வெளியே வரமாட்டார்கள், கதவைத் திறந்தால் கூடத்துக்கு வந்துவிடும் என்று. உள்ளேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அதாவது சித்தப்பா பேசுவார். எல்லாம் படிந்ததும் ஈரத் துணியால் துடைத்து எடுத்துக்கொண்டு, தங்கள் சட்டையைக் கழற்றி உட்பக்கம் வெளியே வருமாறு சுருட்டிக்கொண்டு வருவார்கள். வீட்டுக்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். வேலை நடந்ததே தெரியவில்லை என்பார்கள். ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக்காரரிடம் சொல்லும்போது, கல் நன்றாகப் போடுவார் என்று சொல்லமாட்டார். கூடத்தில் தூசி விழாமல் செய்வார் என்று சொல்வார். அப்பாவுக்கு வேலை வந்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தால்தான். அதில் அவருக்குப் பெருமை இருந்தது.

மூச்சு வாங்குவதற்கான பழியை முதலில் அவர் படிக்கட்டின் மேல் போட்டார். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. "இந்த வீட்டுப் படி உயரம் ஜாஸ்தி, கட்டினவன் கணக்குத் தெரியாதவன்" என்றார். ஒருநாள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய்ப் படியை அளந்தார். வழக்கமான உயரம்தான். அடுத்த படியை அளந்தார். கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "என்ன சொட்டு, படிக்கும் கல்லு போடப் போறீங்களா?" என்றார். "ஆமா, உங்க வீட்டு வாசல் வரைக்கும் போட்டுட்டு நிறுத்திடறேன்" என்று சிரித்துக்கொண்டே மேலே வந்தார். 

தெருமுனை டாக்டர் சளி என்றார். இன்னொருவர் காசநோய் என்று மாத்திரை கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சு டாக்டர்தான், நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

எக்ஸ்ரே படத்தில் நுரையீரலின் மேல்பாதி முழுக்க வெள்ளைப் புள்ளிகள். அப்பா அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். கிடங்கில் பலகை பார்க்கிற அதே சாய்வு.

"நல்ல டிசைன். பலகையா இருந்தா கேட்ட விலைக்குப் போகும்."

டாக்டர் சிரிக்கவில்லை. தழும்பை எடுக்க முடியாது, இனி கல் பக்கமே போகாதீர்கள், மூச்சுக்கு உதவி செய்யலாம் என்றார். பிறகு கேட்டார்: "உங்ககூட யாராவது வேலை செஞ்சாங்களா?"

"என் தம்பி."

"இப்பவும் செய்யறாரா?"

"இன்னைக்கும் போயிருக்கான்."

"அவரையும் கூட்டிட்டு வாங்க. ஆரம்பத்துலயே நிறுத்தினா வித்தியாசம் இருக்கும். சீக்கிரம்."

ஆட்டோவில் திரும்பும்போது அப்பா தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாதி வழியில் சொன்னார்:

"கட்டர் அவன் கையிலதான். என் கை நடுங்கும்னு அவன்கிட்ட குடுத்தேன். நான் கல்லைப் பிடிச்சிப்பேன், அவன் குனிஞ்சு வெட்டுவான். யாரு மூக்கு தூசிக்குப் பக்கம், சொல்லு."

அன்றிலிருந்து அந்தக் கணக்குதான் அவரைத் தூங்கவிடாமல் அடித்தது. கதவைச் சாத்தச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான் என்பார். வேறு யாரிடம் வேலை கற்றிருந்தாலும் அவன் ஜன்னலைத் திறந்து வைத்து வெட்டியிருப்பான் என்பார். நான் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அவருக்குச் சமாதானம் வேண்டியிருக்கவில்லை, எக்ஸ்ரே வேண்டியிருந்தது.

சித்தப்பா மசியவில்லை. வேலையைக் காட்டினார். வீட்டில் விசேஷம் என்றார். ஒருநாள் அப்பா விடாமல் பிடித்துக்கொண்டபோது உண்மையைச் சொன்னார்.

"பாத்தா இருக்கும்ணே. பாக்காத வரைக்கும் இல்ல."

"நீ பாக்கலன்னா அது போயிடுமாடா?"

"போகாது. ஆனா கிடங்குல தெரியாது. தெரிஞ்சா எவன் கூப்பிடுவான்? எனக்குக் கல்லைத் தவிர வேற என்ன தெரியும்?"

"வாய் இருக்கே. அதை வெச்சுப் பொழைக்கலாம்."

"அதுக்கு மூச்சு வேணும்ல," என்றார் சித்தப்பா சாதாரணமாக. சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார்.

ஒருமுறை அப்பா தந்திரம் செய்தார். தன்னை ஆஸ்பத்திரி மாடிக்குத் தூக்கிப் போக ஆள் இல்லை, நீ வா என்றார். சித்தப்பா ஓடி வந்தார். எக்ஸ்ரே அறை வாசலில் அப்பா அவர் பெயருக்கு டோக்கன் வாங்கி வைத்திருந்தார். சித்தப்பா டோக்கனைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "டீ வாங்கிட்டு வந்துடறேன்" என்று போனார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அப்பா நர்ஸிடம், "டீக்கு இலை பறிக்கப் போயிருக்கான், வந்துடுவான்" என்றார். வரவில்லை. நான்தான் தள்ளிக்கொண்டு வந்தேன். வீட்டில் வந்து கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மேடைக்கு சீலர் பூசிய மறுநாள் சித்தப்பா தாமாகவே வந்தார். கையில் பழப் பை. சமையலறைக்குப் போய் மேடையை ஒரு பார்வை பார்த்தார்.

"யாரு பூசினது? மூலையில மேகம் போட்டிருக்கு."

"உன் அண்ணன் மகதான்," என்றார் அப்பா கூடத்திலிருந்து.

"அதானே பாத்தேன். குடிதண்ணிக்காரங்க கல்லுல கை வெச்சா மழைதான் வரும்."

அம்மா, "உக்காருங்க, டீ போடறேன்" என்றாள். "சக்கரை வேணாம் அண்ணி" என்று ஆரம்பித்து, தாம் வேலை செய்கிற வீட்டில் சர்க்கரை டப்பாவைப் பூட்டி வைக்கிறார்கள் என்று கதை சொன்னார். நடுவில் இருமினார். திரும்பிக்கொண்டு, வாயை முழங்கையில் பொத்திக்கொண்டு இருமினார். அப்பா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்த இருமல் தெரியும். அம்மாவுக்கும் தெரியும், பாத்திரத்தோடு அப்படியே நின்றாள்.

அடங்கியதும் அப்பா மூக்கிலிருந்து குழாயைக் கழற்றினார்.

"என்னப்பா பண்றீங்க?"

என்னைக் கையமர்த்திவிட்டு, அதைச் சித்தப்பா கையில் கொடுத்தார்.

"பிடி. கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டு உக்காரு. இது இல்லாம நான் இருந்து காட்டறேன். என்ன ஆகுதுன்னு பாரு."

சித்தப்பா குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதன் நுனியிலிருந்து காற்று அவர் விரல்மேல் வந்துகொண்டிருந்தது. அப்பாவின் உதடு நிறம் மாறத் தொடங்கியது. தோள் ஏறி இறங்கியது.  சித்தப்பா எழுந்து, குழந்தைக்கு மாட்டுவதுபோல் காதைச் சுற்றி அதை மாட்டிவிட்டார். 

"சரி. வரேன்."

அப்பா மூச்சு திரும்பும் வரை காத்திருந்தார்.

"எப்போ?"

"எந்த நாள்ல பாப்பாங்களோ அந்த நாள். ஆனா நீ வந்தா வரேன்."

"நானா? இந்தப் படியெல்லாம் இறங்கி..."

"நான் தூக்கிட்டு இறங்கறேன். அந்த ரூம்ல சட்டையைக் கழட்டிட்டுத் தனியா நிக்க என்னால முடியாதுண்ணே. நீ பக்கத்துல இருக்கணும். நீ வந்தா வரேன்."

பெரிய ஆஸ்பத்திரியின் நெஞ்சுப் பிரிவில் வியாழக்கிழமை காலையில் மட்டும் பார்ப்பார்கள். மதியத்தோடு டோக்கன் நின்றுவிடும். அப்பா அன்று சாயங்காலமே ஏற்பாட்டில் இறங்கினார். கையில் எடுத்துப் போகிற சிலிண்டரை நிரப்பி வாங்கச் சொன்னார். நீலச் சட்டையை இஸ்திரி போடச் சொன்னார். "எக்ஸ்ரே அவருக்கு, மாப்பிள்ளை மாதிரி நீங்க கிளம்பறீங்க" என்றாள் அம்மா. சித்தப்பாவுக்குத் தினமும் போன் செய்து, "வியாழன்" என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிடுவார். நீண்ட வாக்கியம் பேச மூச்சு இல்லை.

புதன்கிழமை காலை அம்மா டீ கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்தபோது டீ அப்படியே இருந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அதன்பின் நடந்த காரியம் எல்லாவற்றையும் சித்தப்பாதான் ஓடியாடிச் செய்தார். அண்ணனைத் தூக்கிக்கொண்டு படி இறங்கியதும் அவர்தான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினார். வேறு ஆள் பிடிக்க வந்தபோது விடவில்லை. எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு தெருவில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று இருமினார். நான் அருகில் போய் நின்றேன். வியாழக்கிழமை பற்றி அப்போது நான் கேட்கவில்லை. 

அடுத்த வியாழக்கிழமை அவர் போனை எடுக்கவில்லை. அதற்கடுத்ததும். பிறகொரு வியாழக்கிழமை நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, சித்தியிடம் கேட்டுக்கொண்டு அவர் வேலை செய்கிற வீட்டுக்கு நேராகப் போனேன்.

புதுக் குடியிருப்பு. வீட்டுக்கார அம்மா கதவைத் திறந்தார். கல்காரரின் அண்ணன் மகள் என்றேன். உள்ளே வரச் சொன்னார். கூடத்தில் வெளிர் நிற சோபா, கண்ணாடி மேசை. சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. அதன் பின்னால் கட்டர் அலறிக்கொண்டிருந்தது.

"சத்தம் மட்டும்தான் கேக்குது," என்றார் அந்த அம்மா, கண்ணாடி மேசையில் விரலால் தடவிக் காட்டி. "பாருங்க, ஒரு பொட்டுத் தூசி இல்ல. அண்ணன் தம்பி ரெண்டு பேர், ரொம்பச் சுத்தம்னு சொல்லித்தான் என் நாத்தனார் அனுப்பினாங்க. இவர் ஒருத்தர்தான் வந்திருக்கார். அவங்க அண்ணன் வரலையா?"

"இல்ல," என்றேன்.

கதவைத் தட்டினேன். உள்ளே கேட்கவில்லை. கைப்பிடியைத் திருப்பித் தள்ளினேன். ஈரச் சாக்கு தடுத்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினேன்.

உள்ளே ஜன்னல் இருப்பது தெரியவில்லை. ஜன்னல் இருக்கும் பக்கம் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது, அவ்வளவுதான். சித்தப்பா மேடைமேல் குனிந்திருந்தார். தலை, புருவம், முன்கை எல்லாம் வெளுத்திருந்தது. வாயில் ஈரக் கைக்குட்டை. என்னைப் பார்த்ததும் கட்டரை நிறுத்தினார்.

"கதவைச் சாத்து பாப்பா. கூடத்துல விழும்."

"விழட்டும் சித்தப்பா."

"ஐயோ, என்னங்க இது," என்றார் வீட்டுக்கார அம்மா என் பின்னால். புழுதி என்னைத் தாண்டி மெல்லக் கூடத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"இன்னைக்கு வியாழக்கிழமை. ஆட்டோ கீழ நிக்குது."

அவர் கைக்குட்டையை இறக்கினார். வாயைச் சுற்றி மட்டும் அவருடைய சொந்த நிறம் இருந்தது.

"அண்ணன் வந்தா வரேன்னுதானே சொன்னேன்."

"நான் வந்திருக்கேன்ல."

"நீ வெளிய நிப்ப. அவன்னா உள்ள வந்து நிப்பான்."

"நானும் உள்ள வரேன்."

"பொண்ணு முன்னால சட்டையைக் கழட்டச் சொல்றியா?" சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்துவிட்டது. குனிந்து மேடையைப் பிடித்துக்கொண்டு இருமினார். வீட்டுக்கார அம்மா அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்தவர், நிறுத்திவிட்டார். தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். சித்தப்பா வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு ஓரத்தைக் காட்டினார். சுவரோடு சேர வேண்டிய ஓரம், கையகலம் மிச்சம் இருந்தது.

"இதை மட்டும் முடிச்சுடறேன். பாதியில விட்டுட்டுப் போனா அண்ணன் திட்டுவான்."

"திட்டமாட்டார்."

"அடுத்த வாரம் நிச்சயமா, பாப்பா."

நான் நகரவில்லை. அவரும் கட்டரை மறுபடி போடவில்லை. கதவு திறந்து கிடக்கும்போது அவரால் வெட்ட முடியாது, கை வராது. நான் போய் ஜன்னலைத் திறந்தேன். இரண்டு பேரும் வெட்டாத அந்த ஓரத்தின் அருகே நின்றோம். அவர் அண்ணனைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார், முடிக்கவில்லை. கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். பிறகு போய்விட்டார். மதியம் ஆகியிருந்தது.

அப்பா தம்பியை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போக வேண்டும் என்றிருந்தார். சித்தப்பா இன்னும் போகவில்லை.